சாங்கியிலிருந்து நியூயார்க்: வரைபடம் சொல்லாத தூரம்

அக்கா நியூஜெர்சியில் இருப்பதால் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குப் போகும் விமானம் எனக்குப் பழகிவிட்டது. பூமி உருண்டைமேல் நூல் பிடித்தால் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். ஆனால் இருக்கைத் திரையில் பாருங்கள்: விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடக்கும். சில நாள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதல்! மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றுவழிதான் சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று தூரத்தை 900-ஆல் வகுத்து நேரம் சொல்லும் அத்தானுக்கு இது இன்னும் பிடிபடவில்லை.

எப்படியும் 18 மணி நேரத்தை ஒட்டி வரும். இதற்கென்றே வந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே. எகானமி வகுப்பே கிடையாது, டிக்கெட் விலை உங்கள் ஊகத்துக்கு.

கடிகாரக் கணக்கு இன்னும் வேடிக்கை. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் மறுநாள் விடியலில் இறங்கலாம். நடுவில் ஒரு முழுப் பகல் வந்து போயிருக்கும். ஜன்னல்களை மூடி விடுவதால் பலருக்குத் தெரியாது.

திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக் பக்கமாகச் சுற்றி வருவார்கள். அப்புறம், நடைபாதை இருக்கையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். அத்தனை நேரம் பக்கத்தில் உள்ளவரை எழுப்பிக்கொண்டே இருக்க முடியாது.