சென்னையின் போர் நினைவுக் கற்கள்: யாருக்கு, எங்கே, அடியில் என்ன?

போர் நினைவுச் சின்னம் என்றால் சென்னையில் பலருக்கும் தெரிந்தது ஒன்றுதான். நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் போகும்போது வருமே, குடியரசு நாளன்று ஆளுநர் மலர்வளையம் வைக்கும் இடம். அங்கே யாரும் புதைக்கப்படவில்லை. நந்தம்பாக்கம் போர் இடுகாட்டில் 850-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் உள்ள கல்லோ ஓர் ஆளுக்கானது அல்ல, ஓர் இரவுக்கானது: 22 செப்டம்பர் 1914 அன்று ஜெர்மன் கப்பல் எம்டன் நகரத்தின் மேல் குண்டு வீசிய இரவு. எந்தக் கல்லின் முன்னால் நின்றாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யாருக்காக வைத்தது? அடியில் உடல் இருக்கிறதா, பெயர் மட்டுமா? கல் முதலிலிருந்தே இங்கேதான் இருந்ததா?

மூன்றாவது கேள்விக்குச் சென்னையில் 'இல்லை' என்ற பதில் அடிக்கடி வரும். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களுக்கு அடியில் அவற்றுக்குரியவர்கள் இல்லை. பழைய இடுகாடு இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் அவருடைய படைக்கு மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் அவற்றை இடித்து, கற்களை மட்டும் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய இடத்தில் தப்பி நின்றவை சொற்பம். ஹின்மர்ஸ் குடும்பத்தின் கூர்நுனித் தூண் அவற்றில் ஒன்று.

சிலைகளும் அப்படித்தான் இடம் மாறின. செனடாஃப் என்றால் அடியில் உடல் இல்லாத நினைவிடம். செனடாஃப் ரோடு என்ற பெயர் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் நினைவு மண்டபத்தால் வந்தது. இப்போது அவர் சிலை கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜெனரல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாகிரகமே நடந்தது. 1937-ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உடைக்கவும் இல்லை, தெருவில் மரியாதையோடு நிற்கவும் விடவில்லை.

கோட்டைப் பக்கத்து நினைவுச் சின்னம் இடம் மாறவில்லை, பொருள் மாறியது. முதல் உலகப் போரில் நேச நாடுகள் பெற்ற வெற்றிக்காக எழுந்தது அது. பிறகு இரண்டாம் உலகப் போரில் இறந்த சென்னை மாகாணத்தவருக்கும் உரியதாயிற்று. மாகாணம் என்பதால் இன்றைய ஆந்திர, கேரளப் பகுதிகளைச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். சுதந்திரத்துக்குப் பின் 1948 காஷ்மீர், 1962, 1965, 1971 போர்களும் அதே இடத்தில் சேர்ந்துகொண்டன. ஓர் ஏகாதிபத்தியத்தின் வெற்றிச் சின்னத்தில் ஒரு குடியரசு தன் வீரர்களின் பெயர்களை எழுதியிருக்கிறது. ஊரில் இதற்கு இணையான இன்னொரு கல் எனக்குத் தெரிந்து இல்லை.

நந்தம்பாக்கத்துக்குத் தனியாக ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில், டிரேட் சென்டர் இருக்கும் அதே பகுதி. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்ப் பொது இடுகாடுகளிலும் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) இடுகாடுகளிலும் சிதறிக் கிடந்த, நிரந்தரமாகப் பராமரிக்க முடியாத இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவர 1952-ல் அமைத்தது இது. உடல்களையே இடம் மாற்றினார்கள். வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் 1914-1918 நினைவிடம் வேறு கணக்கு. இந்தியாவின் பல இடுகாடுகளில் இன்றும் புதைந்திருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மட்டுமே அதில் உள்ளன. அந்தப் பெயருக்குரிய கல்லறையை வரிசைகளில் தேடினால் கிடைக்காது.

இந்த இடுகாட்டைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வழக்கமான கல் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. மேல்விளிம்பு லேசாக வளைந்திருப்பதால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். மேலே படைப்பிரிவின் சின்னம், பிறகு எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது, மதக் குறி. அடியில் குடும்பத்தார் கேட்டு எழுதிய ஒரு வரி. அதற்கு 66 எழுத்துகள்தான் வரம்பு, இடைவெளியும் சேர்த்து. அந்த வரியை நின்று படியுங்கள். மற்றதெல்லாம் ராணுவம் சொன்னது, அது மட்டும் வீட்டார் சொன்னது.

தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடுபவர்கள் முதலில் ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஆகஸ்ட் 1914 முதல் ஆகஸ்ட் 1921 வரை, செப்டம்பர் 1939 முதல் டிசம்பர் 1947 வரை இறந்தவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். தமிழ்ப் பெயரை அன்றைய எழுத்தர்கள் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார்கள். முத்துசாமிக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் போட்டுப் பாருங்கள். படைப்பிரிவும் எண்ணும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பர்மாவில் காணாமல் போனவர் என்றால் தௌக்யனில் உள்ள ரங்கூன் நினைவிடம், மலாயா என்றால் சிங்கப்பூரின் கிராஞ்சி. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இறந்த இந்தியச் சிப்பாய்கள்தான் மனதை அறுக்கும் விஷயம். பாஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள், சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு வெறும் எண்ணிக்கையைப் பொறித்தார்கள். இந்தப் பாகுபாட்டை ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. அதனால் கல்லில் பெயர் இல்லை என்பதை வைத்து, உங்கள் வீட்டுக் கதை பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

கல்லைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. உச்சி வெயிலில் ஆழமில்லாத எழுத்து மறைந்துவிடும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அதே எழுத்து எழும்பி நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் போதும். சாக்பீஸ், மாவு, கரி எதையும் தேய்க்க வேண்டாம். துகள் நுண்துளைகளில் தங்கிவிடும்.

சிறிய கல்வெட்டுகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் சங்கங்கள், பள்ளிகள், தேவாலயங்கள் ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் செய்யும் சுத்தம்தான் பெரும் சேதம். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் பளிங்கு பொங்கும். அந்த நுரை அழுக்கல்ல, கல்லே கரைவது. கம்பி பிரஷ் போட்டால் உதிரும் இரும்புத் தூள் கடல்காற்றில் துருப்பிடித்துப் பழுப்புக் கறையாகும். விரிசலில் சிமென்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்பு படிகமாகி, ஓரத்துக் கல்லை உதிர்க்கும். கல்லைப் பிடித்திருக்கும் பழைய இரும்புக் கொக்கி துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளக்கும்; அங்கே துரு ஏறாத எஃகுக் கொக்கி மாற்றி, சுண்ணாம்புச் சாந்தில் பூச வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் பாசி காயத் தொடங்கும்போது சுத்தம் செய்வது நல்லது. முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த பரப்பில் கோடு போட்டுவிடும். பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. மங்கிய எழுத்துக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வரியையும் போட்டோ எடுத்து வையுங்கள். பெயின்ட் அடிப்பவர் ஊகித்துத் திருத்திய ஒரு எண், அடுத்த தலைமுறைக்கு அந்த ஆளையே இல்லாமல் ஆக்கிவிடும்.