பாயில் எந்தக் குழு?

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவரும் பெற்றோர் பள்ளியில் முதலில் கேட்பது, ‘நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தனி செக்‌ஷன் உண்டா?’ என்றுதான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இல்லை. 2001இல் வந்த கல்வி வெள்ளை அறிக்கை 6 என்ற அரசுக் கொள்கை ஆவணம், பலவகைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் அதன் அக்கறை முழுக்கப் படிப்பில் தடை உள்ளவர்கள்மேல். மீத்திறன் பிள்ளைக்கு வாய்ப்பு, வகுப்புக்குள் டீச்சர் பிரிக்கும் சிறு குழுவில்தான்.

1 முதல் 3ஆம் கிரேடு வரை கணக்குக்கு ஒத்த திறனுள்ள 8 முதல் 12 பேர் டீச்சரோடு பாயில் உட்காருவார்கள். மற்றவர்கள் மேசையில் தாமாக வேலை செய்வார்கள். வாசிப்புக் குழு இன்னும் சிறியது: 6 முதல் 10 பேர். ஒரு நாளுக்கு இரண்டு குழு, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம்.

சிக்கல் தொடங்கும் இடம் இது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜூனில் வந்து சேரும் பிள்ளைக்குக் குழுக்கள் ஏற்கெனவே பிரிந்திருக்கும். ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்காததால் கீழ்க் குழுவில் உட்கார வைப்பார்கள். வாசிப்புக்கு அது சரியாகவே இருக்கலாம். கணக்குக்கும் அதே குழுவைத் தொடர்ந்தால் அது அநியாயம். பெருக்கல் தெரிந்த பிள்ளை டெர்ம் முழுக்கக் கூட்டலே போட்டுக்கொண்டிருக்கும். எனவே இரண்டு பாடத்துக்கும் குழு வேறு வேறா, எப்போது மாற்றுவார்கள் என்று கேளுங்கள். ஊர்க் கணக்கு நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வாக்கியமாக எழுதிய கணக்கைவிட எண் கணக்குப் பக்கங்களைக் காட்டுங்கள். அவற்றுக்கு மொழி குறுக்கே நிற்காது.

ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். இந்தக் கிரேடுகளில் மதிப்பெண்ணுக்குப் பதில் நிலைதான் போடுவார்கள்; 80 முதல் 100 வரை எல்லாமே உச்சமான 7ஆம் நிலைதான். 81 எடுத்தவளும் 99 எடுத்தவளும் அதில் ஒன்றே.

அமெரிக்கப் பள்ளிகள் சிலவற்றில், ஒரே கிரேடில் உள்ள மீத்திறன் பிள்ளைகள் நாலைந்து பேரைச் செக்‌ஷனுக்கு ஒருவராகச் சிதறவிடாமல், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரே டீச்சரின் கலப்பு வகுப்பில் சேர்த்து வைக்கிறார்கள். தனியாக இருக்கும் ஒரு பிள்ளைக்காக யாரும் வேறு பாடம் தயாரிப்பதில்லை. ஐந்து பேர் என்றால் தயாரிக்கலாம். டர்பனிலும் ஒரே கிரேடில் இரண்டு மூன்று செக்‌ஷன் உள்ள பள்ளியில் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அங்குள்ள இன்னொரு வழக்கம் இன்னும் எளிது. பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுப்பார்கள். நாலு சரியானால் மீதியைப் போடத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஆழமான வேலை. இதற்குப் பதிலாகப் பல வகுப்புகளில் நடப்பது, முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இருபது கணக்கு கூடுதலாகக் கொடுப்பது, அல்லது பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பது. கெட்டிக்காரப் பிள்ளை மெதுவாக வேலை செய்யப் பழகிக்கொள்வது இப்படித்தான். டீச்சரைச் சந்திக்கும்போது, ‘முடித்தபின் என்ன செய்கிறாள்?’ என்று கேளுங்கள்.