கார்செட் செய்முறைத் தேர்வு: லேஸ் இடைவெளி சொல்லும் சேதி

உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஆடையான கார்செட்டைத் தைக்கும் தேர்வில் மதிப்பெண் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அளவில்தான். கணக்கை முதலில் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பு 76 செ.மீ., இறுக்கம் 8 செ.மீ. என்றால் மிச்சம் 68. முதுகுப் பக்கம் லேஸுக்கு (இழுத்துக் கட்டும் கயிறு) 5 செ.மீ. இடைவெளி போக, துணியின் சுற்றளவு 63. பேட்டர்ன் (துணி வெட்டும் காகித மாதிரி) பாதி உடம்புக்கு என்பதால் 31.5. மார்பிலும் ஹிப்பிலும் (இடுப்புக்குக் கீழே அகன்ற பகுதி) அந்த 5 செ.மீ.யை மட்டும் கழியுங்கள். இடுப்பில் அமுங்கிய சதைக்கு மேலேயும் கீழேயும் போக இடம் வேண்டுமே.

பக்கத்துக்கு 6 பேனல் (நெடுக்குத் துணித் துண்டு) என்றால் மொத்தம் 10 தையல். ஒவ்வொரு தையலும் குறித்த கோட்டிலிருந்து விலகி 1.5 மி.மீ. உள்ளே போனால், இரண்டு பேனலிலும் சேர்த்து 3 மி.மீ. போய்விடும். பத்துக்கும் சேர்த்து 3 செ.மீ.! தைத்து முடித்தபின் "ஏன் சின்னதாகிவிட்டது" என்று தேடுபவர்கள் இங்கே பாருங்கள்.

இழுபடாத கெட்டித் துணியில் மாதிரி ஒன்று தைத்து, போன்களை (ஆடையை விறைப்பாக நிறுத்தும் பட்டைகள்) தற்காலிகமாக ஒட்டி, லேஸ் கட்டி, முதுகைப் பாருங்கள். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருந்தால் சரி. மேலே விரிந்தால் விலா எலும்புப் பகுதி போதவில்லை. கீழே விரிந்தால் ஹிப் போதவில்லை. நடுவில் மட்டும் விரிந்தால் இடுப்பை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள். நடுவில் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் விரிந்தால் இரண்டு முனையிலும் துணி சேர்க்க வேண்டும். இதை வாசிக்கத் தெரிந்தவருக்கு வாய்மொழித் தேர்வில் பயமில்லை.

துணிக்குக் கூடில் என்ற கார்செட் துணிதான் நல்லது. நெருக்கமான நெசவு, இழுபடாது. ஒவ்வொரு பேனலிலும் பாவு நூல் (துணியின் நெடுக்கு நூல்) இடுப்புக் கோட்டுக்குச் செங்குத்தாக ஓடட்டும். சாய்ந்தால் கார்செட் உடம்பில் முறுக்கிக்கொள்ளும். இடுப்புக் கோட்டில் உள்பக்கம் இழுபடாத நாடா ஒன்று வைத்தால் இழுவிசையை அது தாங்கும், தையல் பிரியாது.

போன்களில் ஸ்பைரல் ஸ்டீல் (சுருள் கம்பி) முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வளையும். அதனால் வளைந்த தையல்களுக்கு அது. பிளாட் ஸ்டீல் (தட்டைப் பட்டை) ஒரு திசையில்தான் வளையும். ஐலெட் (லேஸ் நுழையும் உலோக வளையத் துளை) வரிசையின் இருபுறமும் அது. போன், அதை நுழைக்கும் துணிக் குழாயைவிட 1 செ.மீ. குட்டையாக இருக்கட்டும், இல்லையென்றால் முனை துணியைக் குத்திக் கிழிக்கும்.

ஐலெட் துளையை வெட்டாமல் குத்தூசியால் நூல்களை விலக்கிப் போடுங்கள். வெட்டுப்பட்ட நூல் இழுவையில் பிரிந்து ஐலெட்டோடு வந்துவிடும். பின்பக்க வாஷரை மறக்க வேண்டாம்.

முன்பக்க பஸ்க்கில் (கார்செட்டை முன்னால் மூடும் இரட்டை உலோகப் பட்டை) வளையங்கள் அணிபவரின் வலப்பக்கம், குமிழ்கள் இடப்பக்கம். நெருக்கமாக இருக்கும் இரண்டு வளையங்கள் கீழே வரும். கழற்றும்போது முதலில் லேஸை நன்றாகத் தளர்த்துங்கள். இறுக்கத்தோடு பஸ்க்கைத் திறக்கப் போனால் அது வளைந்துவிடும்.