அயர்லாந்துக்குப் போகும் டைஹட்சு கொப்பன் காருக்கு கல்லடியில் போட்ட வரிக் கணக்கு

2025 பெப்ரவரியில் இலங்கையில் தனியார் கார் இறக்குமதி மறுபடி திறந்ததில் இருந்து எனக்கு ஒரு புதுப் பைத்தியம். யாராவது ஒரு காரின் பெயரைச் சொன்னால் போதும், இரவுச் சாப்பாடு முடிந்ததும் எக்செல்லைத் திறந்து அதற்கு எவ்வளவு வரி வரும் என்று போட்டுப் பார்ப்பேன். கல்லடியில் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கப் போவதில்லை, நானும் வாங்கப் போவதில்லை. நம் நாட்டுக் கணக்கு எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம்: எத்தனை சீ.சீ., பெற்றோலா ஹைபிரிட்டா, வந்திறங்கும் விலை என்ன, அதன் மேல் 18 வீத வற். இவ்வளவும் தெரிந்தால் அரைமணி நேர வேலை.

டப்ளினில் இருக்கும் மச்சான் ஜேர்மனியில் ஒரு காரைப் பார்த்து வைத்துவிட்டு, "மச்சான், இதைக் கொண்டுவந்தால் பதிவு வரி எவ்வளவு வரும், உன்ர எக்செல்லில் போட்டுச் சொல்லு" என்றான். 2007 டைஹட்சு கொப்பன். இரண்டே இரண்டு இருக்கை, பொத்தானை அழுத்தினால் கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போய்விடும், 1298 சீ.சீ. இங்கே மூன்று வயதைத் தாண்டிய காரையே உள்ளே விடமாட்டார்கள், ஆகவே நமக்குப் பார்த்து ரசிக்க மட்டும்தான்.

அயர்லாந்துக் கணக்கின் தலைகால் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அங்கே சீ.சீ. பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்கள் கொடுத்த விலையும் அவர்களுக்கு முக்கியமில்லை. அந்தக் கார் அயர்லாந்தில், எல்லா வரியும் சேர்த்து, என்ன விலைக்குப் போகும் என்று வருவாய்த் திணைக்களம் ஒரு விலை வைக்கும். அந்த விலையில் 7 வீதத்தில் இருந்து 41 வீதம் வரை வரி. வீதத்தைத் தீர்மானிப்பது கார் கக்கும் காபனீரொட்சைட்டு. அதற்கு மேல் நைதரசன் ஒட்சைட்டுக்குத் தனிக் கட்டணம்.

வழக்கமான கார் என்றால் திணைக்களத்தின் இணையக் கணிப்பானில் மாடலைத் தெரிவு செய்தால் தொகை வந்துவிடும். மச்சானின் கார் அந்தப் பட்டியலில் இல்லை. சரி, நாமே விலை பிடிப்போம் என்று இறங்கினேன்.

அயர்லாந்தில் விற்பனைக்கு ஒரு கொப்பன்கூட அகப்படவில்லை. ஆனால் இதே மாதிரி இரண்டு இருக்கை, கூரை திறக்கும் மாஸ்டா எம்.எக்ஸ்-5 இரண்டு நாட்டிலும் ஓடுகிறது. அதே வருடம், கிட்டத்தட்ட அதே ஓட்டம் உள்ள எம்.எக்ஸ்-5 களை ஜேர்மன் விளம்பரங்களில் எடுத்து, கொப்பனின் விலை அதில் எத்தனை பங்கு என்று பார்த்தேன். பிறகு அதே பங்கை அயர்லாந்து எம்.எக்ஸ்-5 விலையில் போட்டேன். விளம்பரத்தில் கேட்கும் விலைக்கு எவனும் விற்பதில்லை, அதனால் கொஞ்சம் குறைத்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்தேன், அயர்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தானே. கடைசியில் 5,000 யூரோவில் இருந்து 7,000 வரை, நடுவில் 6,000 என்று வந்து நின்றது.

அப்புறம் வீதம். விற்பவர் அனுப்பிய பதிவுப் பத்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வி.7 என்ற கட்டத்தில் 140. ஐரோப்பியப் பத்திரங்களில் காபனீரொட்சைட்டு எழுதும் இடம் அதுதான், கிலோமீற்றருக்கு 140 கிராம். அட்டவணையில் 140 க்கு 20 வீதம். மச்சானுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த 140 பழைய என்.ஈ.டி.சி. ஆய்வுகூடச் சோதனையில் வந்த எண். 2021 ஜனவரியில் இருந்து அயர்லாந்து வரி புதிய டபிள்யூ.எல்.ரி.பி. சோதனைப்படிதான் நடக்கிறது. பழைய எண்ணை மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. பெற்றோல் காருக்கு 0.9227 ஆல் பெருக்கி 34.554 ஐக் கூட்ட வேண்டும்.

140 × 0.9227 = 129.178. கூட்டினால் 163.732, அதாவது 164 கிராம். 156 இல் இருந்து 170 வரை 30 வீதம். ஒரே பெருக்கலில் பத்து வீதம் ஏறிவிட்டது. 6,000 யூரோக் காருக்கு 1,200 ஆக இருந்த வரி 1,800 ஆகிவிட்டது.

நைதரசன் ஒட்சைட்டுக்கு, கிலோமீற்றருக்கு வெளிவரும் முதல் 40 மில்லிகிராம் வரை மில்லிகிராமுக்கு 5 யூரோ, அடுத்த 40 க்கு 15, அதற்கு மேல் 25. பெற்றோல் காருக்கு உச்சவரம்பு 600 யூரோ, டீசலுக்கு 4,850. அளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் நேரே உச்சவரம்பு. இந்த எண் பதிவுப் பத்திரத்தில் இல்லை, தயாரிப்பாளரின் இணக்கச் சான்றிதழில் இருக்கும். டைஹட்சு 2013 இலேயே ஐரோப்பாவில் விற்பனையை மூடிவிட்டதால் புதிதாக ஒன்று எடுப்பது லேசான காரியமில்லை. சான்றிதழில் 0.024 கிராம் என்று இருந்தால் அது 24 மில்லிகிராம், கட்டணம் 120 யூரோ. தாள் இல்லாவிட்டால் 600.

இந்த இடத்தில்தான் என் எக்செல் எனக்கே ஒரு விஷயத்தைக் காட்டியது. விலையைப் பிடிக்கத்தான் அதிக நேரம் போனது, ஆனால் அதில் 1,000 யூரோ கூடிக் குறைந்தாலும் வரி மாறுவது 300 மட்டும். சான்றிதழ் தொலைந்தால் 480 கூடும். காபனீரொட்சைட்டுக்கு ஆதாரமே இல்லை என்றால் 41 வீதம், அதே 6,000 க்கு 2,460. ஊருக்கு வராத காரை வாங்குபவர் விலைக்குப் பின்னால் ஓடுவதை விட்டு முதலில் தாள்களைக் கேட்பது நல்லது.

வலப்பக்க ஸ்டியரிங் வேண்டுமென்றால் பிரித்தானியாவில் கொப்பன் கிடைக்கும். அதையும் எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். கார் யப்பானில் செய்ததால் 10 வீத சுங்கம், அதன் மேல் 23 வீத வற். கப்பல் கூலியோடு 3,500 யூரோ என்றால் சுங்கம் 350, வற் 885.50. பதிவு வரிக்கு முன்னமே ஆயிரத்து இருநூறைத் தாண்டிவிட்டது. ஜேர்மனியில் இருந்து வரும் பழைய காருக்கு, ஆறு மாதமும் 6,000 கிலோமீற்றரும் தாண்டியிருந்தால், இவை இரண்டும் இல்லை. மச்சான் இடப்பக்க ஸ்டியரிங்குக்கே தலையாட்டிவிட்டான்.

அங்கே 30 வயது தாண்டிய காருக்கு பதிவு வரி வெறும் 200 யூரோ. 1991 இல் வந்த இரண்டு இருக்கைக் குட்டிக் காரான சுசுகி கப்புச்சினோவின் படமொன்றை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

கார் அயர்லாந்தில் இறங்கி 7 நாளுக்குள் பரிசோதனைக்கு நேரம் எடுக்க வேண்டும், 30 நாளுக்குள் பதிவை முடிக்க வேண்டும். திணைக்களம் வைக்கும் விலை அதிகம் என்று பட்டால் முதலில் கட்டிவிட்டுத்தான் முறையிடலாம். அதனால் என் கணக்கில் வந்த ஆகக் கூடிய தொகையை, 7,000 க்கு 2,100 உம் 600 உம் சேர்த்து 2,700 யூரோவை, கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். விற்பவர் சேர்விஸ் கொப்பிக்குள் சான்றிதழைத் தேடுகிறாராம். கிடைத்தால் 600 ஐ அழித்துவிட்டு உள்ள எண்ணைப் போடுவேன். கிடைக்காவிட்டால் விலையில் 480 குறைக்கச் சொல்லிக் கேட்கப் போவதாக மச்சான் சொல்கிறான்.