தங்கத்தில் படக் கூடாத கிரீம்

அந்த டப்பாவை நான் முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள என் அண்ணன் வீட்டில், அவர் மகளின் அறையில். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. மஞ்சள் மூடியின் மேல் ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பாகவும் பாதி வெள்ளையாகவும். தயாரித்தவரின் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. அடிப்பாகத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், மலாயில் ஓர் எச்சரிக்கை மட்டும் இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். திருமணத்துக்கு இரண்டு மாதமே இருந்த அந்தப் பெண், நகை கெட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வோர் இரவும் தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு அதைப் பூசியிருக்கிறாள். தங்கத்துக்கே ஆகாத ஒன்று தோலுக்கு எப்படி ஆகும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவள் முகத்தைப் பார்த்துப் பூரித்த எங்களுக்கும் தோன்றவில்லை.

பொற்கொல்லர்களுக்கு இது பழைய செய்தி. பாதரசம் பட்ட பொன் வெளுத்து, ரசக்கலவையாகி, நொய்ந்துபோகும். வெள்ளி, தங்கம், அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படக் கூடாது என்று சொல்லும் முகப்பூச்சில் பாதரசம் இருக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பட்டியல் அச்சிட்ட டப்பாக்களிலும் பாதரசம் தன் பெயரில் வருவது குறைவு. கலோமெல், மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் அயோடைடு, அம்மோனியேட்டட் மெர்குரி, சின்னபாரிஸ் என்று பல பெயர்களில் அது ஒளிந்திருக்கும். கடைசியாகச் சொன்னது நம் முன்னோர் சாதிலிங்கம் என்று அழைத்த அதே செந்நிறக் கனிமம்தான்.

அண்ணன் மகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். உடன் வேலை செய்யும் ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) படம் அனுப்பி விற்ற கிரீமை 35 ரிங்கிட் கொடுத்து வாங்கியிருக்கிறாள். ஆறே வாரத்தில் முகம் வெளுத்தது. கல்யாணக் களை வந்துவிட்டது என்று அண்ணி எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். பிறகு கணுக்கால் வீங்கத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்கிறவளுக்குக் கால் வீங்குவது இயல்புதானே என்று நினைத்தோம். ஆனால் காலையில் எழும்போது கண் இமைகளும் உப்பியிருந்தன. சிறுநீர் கழித்தால் சோப்புத் தண்ணீர்போல் நுரை நின்றது. அதை அவள் தன் அம்மாவிடம் சொல்லவே இரண்டு வாரம் ஆயிற்று.

அரசாங்கக் கிளினிக்கில் அவளைப் பரிசோதித்த இளம் மருத்துவர், சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறுவதைக் கண்டதும், உப்பு, சர்க்கரை, குடும்ப நோய் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, இறுதியாக, முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்வேன். பெரிய மருத்துவமனையில் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பாதரசத்தையும் அளந்தார்கள். இரத்தத்திலுள்ள புரதத்தை உடலுக்குள்ளேயே தங்கவைக்கும் சிறுநீரக வடிகட்டி சேதமடைந்திருந்தது. புரதம் கசிந்து வெளியே போனதால்தான் நீர் திசுக்களில் தேங்கிக் காலும் முகமும் வீங்கியிருந்தன.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் இதையே ஒரு தொடர்ச்சியாகக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்னும் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு, நெல்-1 என்ற புரதத்தோடு தொடர்புடைய அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது என்ற வரியை அண்ணிக்கு நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

கிரீம் வேலை செய்யவில்லை என்றால் எல்லாரும் தூக்கி எறிந்துவிடுவார்கள். பாதரசக் கிரீம் வேலை செய்கிறது. அதுதான் அதன் ஆபத்து. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக வேண்டுமானால் தைரோசினேஸ் என்னும் நொதி இயங்க வேண்டும். பாதரசம் அந்த நொதியை முடக்குவதால் புதிதாக நிறமி உண்டாவது குறைகிறது, முகம் வெளுக்கிறது. நிறுத்தியதும் பழைய நிறம் திரும்பும். அதைக் கண்டு பயந்து மறுபடியும் டப்பாவைத் திறப்பவர்கள் உண்டு. நெடுநாள் பூசினால் தோலில் தடிப்பும் கறையும் தழும்பும் வரலாம். தோல் வழியே உள்ளே போகும் பாதரசம் சிறுநீரகத்தில் சேர்வதோடு நரம்புகளையும் தாக்கும்: கை நடுக்கம், கால் மரத்துப்போதல், காரணமில்லாத பதற்றம், மனச்சோர்வு. கல்யாணப் பெண் எரிந்து விழுந்தால் அதைக் கல்யாணப் படபடப்பு என்றுதானே வீட்டில் சொல்வார்கள்? நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

பூசுகிறவரோடு இது நிற்பதில்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில், மெக்சிகோவிலிருந்து வந்த பெயரில்லாக் கிரீம்களைப் பயன்படுத்திய குடும்பங்களைச் சோதித்தபோது, கிரீமைத் தொடாதவர்கள் உடலிலும் பாதரசம் மிகுந்திருந்தது. தலையணை உறை, துண்டு, கதவுக் கைப்பிடி, தாய் பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சுவது என எல்லா வழிகளிலும் அது பரவும். ஆவியாகவும் காற்றில் கலக்கும். அண்ணன் மகளோடு ஒரே கட்டிலில் படுத்த தங்கைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் அண்ணன் யாரிடமும் பேசவில்லை. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் இல்லை.

இந்தச் செய்தி பரவியதும் உறவுப் பெண்கள் பலரும் என்னிடம் கேட்டது உதட்டுச் சாயத்தைப் பற்றி. தங்க மோதிரத்தால் தேய்த்தால் கறுப்பாகும் சாயத்தில் ஈயம் இருக்கிறது என்ற செய்தி புலனத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றி வருகிறது. அந்தச் சோதனையால் ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உதட்டுச் சாயத்தில் ஈயம் இருப்பது உண்மைதான். யாரும் அதைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, நிறமிகளான கனிமங்களோடு அது ஒட்டிக்கொண்டு வருகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 உதட்டுச் சாயங்களை ஆராய்ந்தபோது பத்து லட்சம் பங்குக்குச் சராசரியாக 1.11 பங்கு ஈயமும், மிக அதிகமாக 7.19 பங்கும் இருந்தன. ஆசியான் நாடுகள் அழகுசாதனங்களுக்கு ஒப்புக்கொண்டிருக்கும் உச்ச அளவு, அதே கணக்கில், ஈயத்துக்கு 20, ஆர்செனிக்குக்கும் காட்மியத்துக்கும் 5, பாதரசத்துக்கு 1. முகவரியுள்ள நிறுவனத்தின் உதட்டுச் சாயத்தைக் கண்டு நடுங்குவதைவிட, முகவரியில்லாத டப்பாவைக் கண்டு நடுங்க வேண்டும் என்பதே என் கருத்து. மேலே சொன்ன மெக்சிகோ கிரீம்களில் பாதரசம் பத்து லட்சத்துக்கு 20,000 பங்கையும் தாண்டியிருந்தது.

ஈயத்தைப் பற்றிக் கவலைப்பட நமக்கு வேறு இடம் இருக்கிறது. அது குங்குமச் சிமிழ். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் குங்குமம் கருஞ்சிவப்பாக இருக்கும், மஞ்சள் வாசம் வீசும், நெற்றியில் மங்கலாகவே ஒட்டும். பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்துக்காக ஈய ஆக்சைடைச் சேர்க்கும் பொடிகளும் சந்தையில் உண்டு. நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளை ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாதிரிகள் 20 என்ற அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. வகிட்டில் வைத்த பொடி விரலுக்கு வரும், விரலிலிருந்து சோற்றுக்கு வரும். தவழும் குழந்தை தரையில் உதிர்ந்ததைத் தொட்டு வாயில் வைக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கி, தாய் கருவுறும்போது நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகும்.

கண்மையும் அப்படியே. தோட்டத்தில் இருந்த காலத்தில் என் பாட்டி, விளக்கெண்ணெய் விளக்கின் மேல் செப்புத் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை நெய்யில் குழைத்து மை கூட்டுவார். அது வெறும் கரி. கடைகளில் சுர்மா என்று விற்கும் கறுப்புப் பொடிகள் பலவற்றில் இருப்பது ஈய சல்பைடு. கைக்குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கும் தாய்மார், எது கரி, எது ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டியின் மையிலும் கிருமி சேரலாம் என்பதால் குழந்தையின் கண்ணுக்குள் எதையும் தீட்ட வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் விற்கும் ஒவ்வோர் அழகுசாதனப் பொருளுக்கும் சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் அறிவிப்பு எண் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் என், ஓ, டி என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது: அந்த எண், விற்பனைக்கு முன்பே அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல. பொருள் பாதுகாப்பானது என்று விற்பவர் கொடுத்த உறுதிமொழியின் பதிவு அது. சோதனை பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பிறகே நடக்கிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினோயின், ஸ்டீராய்டு ஆகியவை கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தான பொருள்களின் பெயர்களை அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. ஆகவே எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளை மீறும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். புலனத்தில் படம் அனுப்பிக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2013இல் உருவாகி 2017 ஆகஸ்டு 16இல் நடைமுறைக்கு வந்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாத்தா உடன்படிக்கை, முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைத் தடுத்தது. 2023இல் அந்த ஒரு பங்கு விலக்கையும் நீக்கி, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எதையும் செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று திருத்தினார்கள். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. இரவுச் சந்தையின் மடக்கு மேசைக்கும் கைப்பேசித் திரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் மகளின் திருமணத்தை ஐந்து மாதம் தள்ளி வைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொல்லவில்லை. மருத்துவமனையில் சொன்னபடி, டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி ஒப்படைத்தோம். தலையணை உறைகளையும் துண்டுகளையும் தனியாகக் கட்டி அகற்றினோம். சென்ற மாதப் பரிசோதனையில் சிறுநீரில் புரதம் மிகக் குறைந்திருந்தது. முகம் பழைய மாநிறத்துக்குத் திரும்பிவிட்டது.

அவளோடு அதே வரிசையில் வேலை செய்யும் நான்கு பெண்கள் அதே ஆளிடம் அதே கிரீமை வாங்கியிருந்தார்கள். இருவர் எங்களோடு கிளினிக்குக்கு வந்து சிறுநீர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்திக்குப் புரதம் இருந்தது. மூன்றாமவள் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னாள். நான்காமவளுக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அதுவரை மட்டும் பூசிக்கொள்கிறேன், அத்தை, என்று என்னிடமே சொன்னாள். அவளுடைய அம்மாவைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை பிறை என்னும் ஊருக்குப் போகிறேன்.