3,500 யென்னுக்கு ஒரு புஷிடோ

டோக்கியோவில் ஒரு கடையில் 3,500 யென் கொடுத்து டி-ஷர்ட் வாங்கி ஏமாந்தேன். முதுகில் பெரிதாக மூன்று எழுத்து: பு-ஷி-டோ. ஒரே அலசலில் நடு எழுத்து உரிந்துவிட்டது. அந்தக் காசில் மூன்று வேளை ராமென் சாப்பிட்டிருக்கலாம்!

விடுதி வரவேற்பில் இருந்த பெண் பார்த்துச் சிரித்தார். மிஞ்சிய இரண்டு எழுத்தைச் சேர்த்தால் 'புடோ', அதாவது தற்காப்புக் கலையாம். 'புஷி' போர்வீரன், 'டோ' வழி; மூன்றும் சேர்ந்தால் சாமுராய் வீரர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை. இதே எழுத்துகளைச் சீனர்கள் 'வூஷிதாவ்' என்றும் கொரியர்கள் 'மூசாதோ' என்றும் படிக்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் 'கோட்' (code) என்றதும் சட்டப் புத்தகம் போல ஆகிவிடுகிறது. நம் 'நெறி' எவ்வளவோ மேல்; அதற்கு வழி என்றும் பொருள், ஒழுக்கம் என்றும் பொருள்.

எரிச்சல் தீர்ந்தது செங்காகுஜி கோயிலில்தான். அதே பெயருள்ள ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம், டாக்ஸி வேண்டாம். எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வாளால் வெட்டிக் காயப்படுத்தியதற்காக, 1701இல் ஆசானோ என்ற பிரபு வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உத்தரவானது. அவருடைய ஆட்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்து, கிராவின் தலையை வெட்டி இங்கே கொண்டுவந்தார்கள். தலையைக் கழுவிய கிணறு இன்னும் இருக்கிறது. அந்த ஆட்கள் 46 பேருக்கும் பிரபுவுக்கு வந்த அதே உத்தரவுதான். அவர்கள் கல்லறைகள் இங்கேதான். கொளுத்திய ஊதுபத்திக் கட்டைத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். கல்லறைக்குக் கல்லறை வைத்துக்கொண்டே போகலாம். புகையில் கண் எரிந்தது. புகையால் மட்டும்தானா, தெரியவில்லை.

இவர்கள்தான் புஷிடோவுக்கு உதாரணம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அதே காலத்தில் சாகா என்ற பகுதியில் வாழ்ந்த சாமுராய் யமமோட்டோ சுனெடோமோ இவர்களைக் குறைதான் சொன்னார்: இவ்வளவு தாமதமா? அதற்குள் கிரா நோயில் செத்திருந்தால்? நியாயமான கேள்வி!

இன்னொரு வேடிக்கை. இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொண்டுபோன நிட்டோபே இனாசோ தன் நூலை ஆங்கிலத்தில்தான் எழுதினார், 1900 வாக்கில். ஜப்பானிய மொழிபெயர்ப்பு அப்புறம்தான் வந்தது. 1984இல் வந்த 5,000 யென் நோட்டில் அவர் முகம்தான். இப்போதைய நோட்டில் பெண் கல்வி முன்னோடி சுடா உமேகோ. என்னிடம் மிச்சம் 5,000 யென் நோட்டு ஒன்றுதான். நரிதா விமான நிலையம் வரை இதை வைத்து ஓட்ட வேண்டும். இரவுச் சாப்பாடு கடைத்தெரு ஒனிகிரி என்ற சோற்று உருண்டைதான்.