பூர்வகுடித் தரவு இறையாண்மை: ஒரு பயிற்சியும் ஒரு விண்ணப்பமும்

முனைவர் பட்டம் முடித்து, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தபோது எனக்கு ஒப்படைக்கப்பட்ட பணி, நாள்பட்ட சிறுநீரக நோய் குறித்த மருத்துவமனைப் பதிவேடுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்வது. அப்பதிவேடுகளில் கணிசமான பகுதி ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான அபாரிஜினல் மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் பற்றியது என்பதால், பூர்வகுடித் தரவு இறையாண்மையிலும் (தங்களைப் பற்றிய தரவைத் தாங்களே ஆளும் பூர்வகுடிகளின் உரிமை) ஆய்வு நெறிமுறையிலும் பயிற்சி பெறாத எவரும் தரவைத் திறக்கக் கூடாது என்று எங்கள் துறை விதித்திருந்தது. இணையவழிப் பாடம், நேரடிப் பயிலரங்கு, பூர்வகுடிச் சுகாதார அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் தயாரித்தல் என மூன்று கட்டங்களாக அந்தப் பயிற்சி அமைந்தது. இத்துறைக்கு வரும் தமிழ் மாணவர்கள் சிலர் இதுபற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

இணையவழிப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேசியச் சுகாதார மற்றும் மருத்துவ ஆய்வு மன்றம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஐயாட்சிஸ் (AIATSIS) என்ற பூர்வகுடி ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைத் தொகுப்பு ஆகிய இரண்டும்தான் அதன் அடிப்படை. முதலாவது, நேர்மை, பண்பாட்டுத் தொடர்ச்சி, சமத்துவம், பரிமாற்றம், மரியாதை, பொறுப்பு என ஆறு விழுமியங்களை முன்வைக்கிறது. இரண்டாவது, பூர்வகுடிகளின் சுயநிர்ணயத்தையும் தலைமையையும் முதலில் வைக்கிறது. தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம். பயிலரங்கு முடிந்த பிறகு இப்பாடத்தை வைத்திருந்தால் அதன் ஒவ்வொரு வரியும் வேறு விதமாகப் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பயிலரங்கை நடத்தியவர்கள் இருவருமே பூர்வகுடி ஆய்வாளர்கள். கோட்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 127ஆம் பிரிவு, நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது; 1967ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்புக்குப் பிறகே அது நீக்கப்பட்டது. அதற்குப் பின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் எதை எண்ணுவது, யாரோடு ஒப்பிடுவது, முடிவை எந்தத் தலைப்பில் வெளியிடுவது என்பதையெல்லாம் வேறு எவரோதான் தீர்மானித்தார்கள். இப்படித் திரண்ட தரவு பெரும்பாலும் ஏற்றத்தாழ்வு, இழப்பு, பின்தங்கிய நிலை, சீர்குலைவு, வேறுபாடு ஆகிய ஐந்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று டாஸ்மேனியாவின் பாலாவா பூர்வகுடியைச் சேர்ந்த சமூகவியலாளர் மேகி வால்டர் எடுத்துக்காட்டியிருக்கிறார். எங்கள் திட்டத்தின் முதல் கேள்வியை அந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ‘நோயாளிகள் டயாலிசிஸ் சிகிச்சைக்கு வராமல் போவது ஏன்?’ என்பது அந்தக் கேள்வி. அறையில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஹவாசுபாய் என்ற பூர்வகுடி மக்களின் வழக்கு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் அம்மக்களிடமிருந்து, 1990இல் தொடங்கி, நீரிழிவு ஆய்வுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குருதி மாதிரிகளைப் பெற்றார்கள். அதே மாதிரிகள் பின்னர் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம், மூதாதையர் இடப்பெயர்வு ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. 2003இல் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குச் சென்ற அச்சமூகப் பெண் ஒருவர் எழுப்பிய கேள்வியால்தான் இது வெளியே தெரிந்தது. 2010இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. எஞ்சியிருந்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. கையெழுத்திட்ட படிவத்தின் வாசகம் விரிவானது, ஆகவே ஒப்புதல் இருந்தது என்று வாதிட இடமிருந்தது என்பதுதான் எங்களை நெடுநேரம் பேசவைத்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக நம்பும் மக்களிடம், அவர்களுடைய குருதியை வைத்தே அவர்கள் வேறிடத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதும்போது, அதன் பாதிப்பு கையெழுத்திட்டவர்களோடு நிற்பதில்லை. கையெழுத்திடாதவர்களையும் இனிப் பிறக்கப்போகிறவர்களையும் அது சேர்கிறது. தனிமனித ஒப்புதலை மட்டும் அறிந்திருந்த எங்கள் படிவங்களில் இதைக் கேட்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

புள்ளியியல் பின்புலம் உள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு விடையோடு தயாராக இருப்பார்கள்: பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் போதாதா? சிறிய குடியிருப்புகளில் அது அவ்வளவு எளிதல்ல. அஞ்சல் குறியீடு, வயதுப் பிரிவு, பாலினம், டயாலிசிஸ் தொடங்கிய ஆண்டு ஆகிய நான்கு விவரங்கள் சேர்ந்தாலே, ஊர்க்காரர் ஒருவரால் ஆளைச் சொல்லிவிட முடியும். அட்டவணையில் சிறிய எண்ணிக்கை உள்ள கட்டங்களை மறைப்பது, பகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பது போன்ற வழிகள் உண்டு. ஆனால் தனிமனிதர் முழுமையாக மறைக்கப்பட்ட பிறகும் ஊரின் பெயரோ இனக்குழுவின் பெயரோ அட்டவணையின் தலைப்பில் இருக்கும். மறுநாள் செய்தித்தாள் எடுத்துப்போடுவது அதைத்தான். மையாம் நைரி விங்கரா என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தரவு இறையாண்மைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, பூர்வகுடிகளைத் தனித்தனியாகவோ கூட்டாகவோ பாதிக்கக்கூடிய, எந்த வடிவத்திலும் உள்ள தகவலையும் அறிவையும் பூர்வகுடித் தரவு என்று கொள்வது இதனால்தான். அந்த வரையறையின்படி, பெயர் நீக்கப்பட்ட எங்கள் கோப்பும் பூர்வகுடித் தரவே.

அடுத்த சிக்கல் ஆய்விதழ்களால் வருவது. தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால்தான் கட்டுரையை ஏற்போம் என்று பல இதழ்கள் கேட்கின்றன. 2016இல் வந்த ஃபேர் (FAIR) கோட்பாடுகள் தரவைக் கண்டறியவும் அணுகவும் மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாக வைக்கச் சொல்கின்றன. பூர்வகுடித் தரவுக்கென 2019இல் வந்த கேர் (CARE) கோட்பாடுகள் கூட்டு நன்மை, கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறநெறி ஆகியவற்றைக் கேட்கின்றன. இரண்டும் மோதுவதாக முதலில் தோன்றினாலும் நடைமுறையில் வழி இருக்கிறது: தரவு இருக்கிறது என்ற விவரக்குறிப்பை எல்லாரும் காணும்படி வெளியிட்டு, தரவைக் கேட்பவருக்குக் கொடுப்பதா இல்லையா என்பதைச் சமூகத்தின் தரவுக் குழு முடிவு செய்வதாக எழுதலாம். எங்கள் தரவு மேலாண்மைத் திட்டத்தில் அப்படித்தான் எழுதினோம்.

விண்ணப்பம்தான் உண்மையான பயிற்சி. நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிச் சுகாதார ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு மட்டும் போதாது. அபாரிஜினல் சுகாதார மற்றும் மருத்துவ ஆய்வு மன்றத்தின் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். சமூகத்துக்கு நிகர நன்மை உண்டா, கட்டுப்பாடு சமூகத்திடம் இருக்கிறதா, ஆகும் செலவு ஈடுசெய்யப்படுகிறதா, சமூகத்தினரின் திறன் வளருமா என்றெல்லாம் அது கேட்கிறது. சமூகக் கட்டுப்பாட்டில் இயங்கும் சுகாதார அமைப்பின் ஆதரவுக் கடிதம் இன்றி விண்ணப்பம் நகராது. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கிய இவ்வகை அமைப்புகள் ஆய்வாளர்களைப் போதுமான அளவு பார்த்துச் சலித்தவை. கடிதம் கேட்டுப் போகிறவர் கேட்பதைவிடக் கேட்கப்படுவதே அதிகம்.

எங்களுடன் பேசிய அமைப்பினர் ஆய்வுக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நோயாளி ஏன் வரவில்லை என்பதற்குப் பதில், சிகிச்சை நிலையம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, வாரத்தில் மூன்று முறை அங்கே போய்வரப் போக்குவரத்து உண்டா, சிகிச்சைக்காக ஊரை விட்டுக் குடிபெயர்ந்தவர் எத்தனை பேர் என்று ஆராயச் சொன்னார்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் பின்டுபி பூர்வகுடி ஓவியர்கள் 2000ஆம் ஆண்டில் தங்கள் ஓவியங்களை ஏலத்துக்குத் தந்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, பின்னர் கின்டோர் என்ற தங்கள் ஊரில், சொந்த மண்ணிலேயே டயாலிசிஸ் வசதியைக் கொண்டுவந்ததை அவர்கள் நினைவூட்டினார்கள். எங்கள் பதிவேடுகள் அதே பதிவேடுகள்தாம். புதிய கேள்விக்கு அவற்றோடு தொலைவு விவரங்களை இணைக்க வேண்டியிருந்தது. சொல்லப்போனால், புள்ளியியல் நோக்கிலும் அது மேலான கேள்வி.

ஒப்பந்தத்தில் இழுபறியானது வெளியீடு பற்றிய பிரிவு. முடிவுகளைத் தடுக்கும் உரிமை சமூகத்துக்கு இருக்கலாமா என்று பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு தயங்கியது. வெளியிடுவதற்கு முன் படிக்கவும், விளக்கத்தில் மாற்றம் கோரவும், உடன்பாடு ஏற்படாவிட்டால் தங்கள் மறுப்பைக் கட்டுரையிலேயே பதிவு செய்யவும், ஊர்ப் பெயரை விலக்கவும் அமைப்புக்கு உரிமை உண்டு என்று கடைசியில் எழுதப்பட்டது. எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. கட்டுப்படுத்தும் அதிகாரம் என்று கேர் கோட்பாடு சொல்வதற்கும் கருத்துச் சொல்லும் உரிமைக்கும் நடுவில் நிற்கிற ஏற்பாடு இது.

இனி விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. தரவுக் குழுவில் அமரும் சமூகத்தினரின் நேரத்துக்கான ஊதியத்தை நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கும்போதே வரவுசெலவில் சேருங்கள். பின்னால் சேர்க்க நிதியளிப்பவர்கள் எளிதில் இசைவதில்லை. ஓராண்டுப் பணி ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆய்வாளர், இரண்டு குழுக்களின் ஒப்புதலுக்கும் அமைப்பின் கூட்டங்களுக்கும் ஆகும் காலத்தைக் கணக்கிட்டு, அந்த மாதங்களில் செய்வதற்கு வேறு வேலை ஒன்றை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.